எந்த அடிக்கு எந்தப் பிடி? – ரெனிஸ் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் அறியவேண்டியவை

ரெனிஸ் பந்து மட்டையின் இழைகளிற் பட்டு விலகும் நேரம் மிகமிகச் சிறியது. ஒரு வினாடியை 1000 பங்காகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கே. அந்த இடைவெளியில் ஆடுபவரின் கண்ணோ மூளையோ மட்டையின் சாய்வைத் திருத்திவிட முடியாது. பந்து வலையில் விழுமா, எல்லைக்கோட்டைத் தாண்டுமா, உரிய இடத்திற் சென்று சேருமா என்பது பந்து வந்து படுமுன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அம்முடிவில் முதற்பங்கு, கை மட்டையைப் பற்றியிருக்கும் விதத்திற்கே உரியது. இதனையே பயிற்றுநர்கள் ‘பிடி’ என்கின்றனர்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் உதைபந்தாட்டத்துடனும் துடுப்பாட்டத்துடனும் நின்றுவிடாது ரெனிஸ் மைதானங்களையும் நாடிச் செல்கின்றனர். வாரத்தில் ஒரு மணிநேரம், ஒரு பயிற்றுநர், அவரைச் சுற்றிப் பல பிள்ளைகள் என்பதே பெரும்பாலான கழகங்களின் நிலை. தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. கம்பி வேலிக்கு வெளியே நிற்கும் தாய் தந்தையருக்கோ, ஊரிற் கரப்பந்தாட்டம் தெரிந்த அளவுக்கு இவ்விளையாட்டுத் தெரியாது. இதனால் முதலாம் ஆண்டிற் பிடிக்கப்பட்ட பிழையான பிடி கேட்பாரின்றி வேரூன்றிவிடுகின்றது. பத்து வயதிற் பரிசு வாங்கிய பிள்ளை பதின்மூன்று வயதில் எல்லோரிடமும் தோற்கத் தொடங்குவதற்கும், முழங்கை நோவென்று மட்டையை மூலையில் வைப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாகின்றது.

பிடியைப் பார்த்தறிவதற்குப் பெற்றோர் ரெனிஸ் வீரர்களாக இருக்கவேண்டியதில்லை. ஐந்து நிமிடப் பொறுமையும், எட்டுவரை எண்ணத் தெரிவதும் போதும்.

எண்பட்டைத் தூணும் மட்டையின் கைபிடியும்

மட்டையின் கைபிடி உருண்டையானதன்று. எமது கோயில் மண்டபங்களிலுள்ள எண்பட்டைத் தூணைப்போல அதற்கும் எட்டுப் பட்டைகள் உள்ளன. மட்டையின் விளிம்பு வானத்தை நோக்க, கைபிடியின் அடிப்பாகம் உங்கள் முகத்தை நோக்க நேராகப் பிடித்துப் பாருங்கள். உச்சியில் இருப்பது முதலாம் பட்டை. அங்கிருந்து கடிகார முள் சுழலும் திசையில் 2, 3, 4 என எண்ணிச் சென்றால் அடியில் இருப்பது ஐந்தாம் பட்டை. முதலாம் பட்டைக்கு இடப்புறச் சரிவில் இருப்பது எட்டாம் பட்டை. இவ்வெண்ணிக்கை வலக்கையருக்கு உரியது. இடக்கையர் எதிர்த்திசையில் எண்ணவேண்டும். அவ்வாறு எண்ணினால் இக்கட்டுரையிற் கூறப்படும் இலக்கங்கள் யாவும் அவர்களுக்கும் மாறாமற் பொருந்தும்.

கையிற் கவனிக்கவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சுட்டுவிரல் உள்ளங்கையுடன் சேரும் அடிமூட்டு. மற்றையது, சிறுவிரற் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலேயுள்ள உள்ளங்கையின் சதைமேடு. இவ்விரண்டும் எந்தப் பட்டையில் அமர்கின்றனவோ அதுவே பிடியின் பெயரைத் தீர்மானிக்கின்றது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோன்றும் கோணத்தைப் பார்த்துச் சொல்லும் பழைய முறையும் உண்டு. ஆயினும் கையின் அமைப்பு ஆளுக்காள் வேறுபடுவதால், அடிமூட்டைப் பார்ப்பதே கூடிய நம்பிக்கைக்குரியது.

நான்கு பிடிகள்

முதலாவது கொன்ரினென்ரல் பிடி. அடிமூட்டு இரண்டாம் பட்டையில் இருக்கும். தேங்காய் உடைப்பதற்குக் கத்தியைப் பிடிப்பதுபோல, அல்லது ஆணி அறைவதற்குச் சுத்தியலைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்தால் அதுவே இப்பிடி.

இரண்டாவது ஈஸ்ரேண் பிடி. அடிமூட்டு மூன்றாம் பட்டையில் இருக்கும். மட்டையுடன் கைகுலுக்குவதுபோன்ற பிடி இது. உள்ளங்கையும் மட்டையின் முகமும் ஒரே தளத்தில் நிற்பதால், உள்ளங்கை எத்திசையை நோக்குகின்றதோ மட்டையும் அத்திசையையே நோக்கும். புதிதாகப் பழகுவோர்க்கு இது மிக எளிதாக விளங்கும்.

மூன்றாவது செமி வெஸ்ரேண் பிடி. அடிமூட்டு நான்காம் பட்டையில் இருக்கும். உள்ளங்கை கைபிடியின் பக்கத்திலிருந்து சற்றுக் கீழே இறங்கியிருக்கும்.

நான்காவது வெஸ்ரேண் பிடி. அடிமூட்டு ஐந்தாம் பட்டைக்கு, அதாவது கைபிடியின் அடிக்கே சென்றுவிடும். உள்ளங்கை மட்டையைக் கீழிருந்து தாங்குவதுபோலத் தோன்றும்.

இப்பெயர்கள் தரையைப் பொறுத்து எழுந்தவை என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் புற்றரைகளில் பந்து தாழ்ந்து வரும். அங்கு வழங்கிய பிடி கிழக்குக்குரியது எனும் பொருளில் ஈஸ்ரேண் ஆயிற்று. மேற்கிலுள்ள கலிபோர்னியாவின் சீமெந்துத் தரைகளில் பந்து தோளளவு துள்ளி எழும். அங்கு வழங்கியது மேற்குக்குரிய வெஸ்ரேண் ஆயிற்று. ஐரோப்பியக் கண்டத்தில் வழங்கியது கண்டத்துக்குரிய கொன்ரினென்ரல் ஆயிற்று. ஆகவே எந்தப் பிடி சிறந்தது என்று கேட்பதிற் பொருளில்லை. பந்து எந்த உயரத்தில் வருகின்றது, அதற்கு எந்த அடி வேண்டும் என்றே கேட்கவேண்டும்.

முன்கை அடி

வலக்கையர் தமது வலப்புறத்தில் வரும் பந்தை அடிப்பது முன்கை அடி. பிடி இரண்டாம் பட்டையிலிருந்து ஐந்தாம் பட்டையை நோக்கி நகர நகர மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. மட்டையின் முகம் இயல்பாகவே நிலத்தை நோக்கிக் கவிழும். பந்தைச் சந்திக்கும் இடம் உடலுக்கு முன்னே தள்ளிச் செல்லும். வசதியான உயரமும் இடுப்பிலிருந்து தோளை நோக்கி ஏறும்.

கவிழ்ந்த முகத்துடன் பந்தை நேரே தள்ளினால் அது வலையில் விழும். எனவே ஆடுபவர் மட்டையைக் கீழிருந்து மேல்நோக்கி வீசவேண்டியவராகிறார். அவ்வீச்சினால் பந்து முன்புறமாக உருண்டு சுழல்கின்றது. இதுவே மேற்சுழற்சி. இச்சுழற்சியுள்ள பந்து வலைக்கு மேலே நல்ல உயரத்திற் பறந்தாலும் காற்றினால் கீழ்நோக்கி அழுத்தப்பட்டு எல்லைக்குள் விழும். விழுந்தபின் எதிரியின் தோளளவு எழும். வலிமையாக அடித்தும் பந்தை உள்ளே வைத்திருக்க உதவுவது இந்த மேற்சுழற்சியே.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். அமெரிக்கரான ஜோன் மக்கென்றோ எல்லா அடிகளுக்கும் கொன்ரினென்ரல் பிடி ஒன்றையே கையாண்டு 1981, 1983, 1984 ஆம் ஆண்டுகளில் விம்பிள்டனை வென்றார். 1988, 1990 ஆம் ஆண்டுகளில் அங்கு வென்ற சுவீடன் வீரர் ஸ்ரெபான் எட்பேர்க்கின் முன்கைப் பிடியும் அத்தகையதே. பந்து தாழ்ந்து வரும் புற்றரையில், சேர்விஸ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடும் ஆட்டத்திற்கு அது பொருந்தியது. பீற் சம்பிராஸ் ஈஸ்ரேண் பிடியுடன் 1993 முதல் 2000 வரை ஏழு தடவை விம்பிள்டனை வென்றார். ஆயினும் பந்து மெதுவாகவும் உயரமாகவும் எழும் பாரிஸ் செம்மண் தரையில் அவர் ஒருமுறையேனும் இறுதியாட்டத்தை அடையவில்லை. அதே பாரிஸில் 1993, 1994 ஆம் ஆண்டுகளில் வென்ற ஸ்பெயின் வீரர் சேர்ஜி புறுகேரா வெஸ்ரேண் பிடிக்காரர். 1994 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற அல்பேர்ட்டோ பெரசத்தேகுயி அதனையும் தாண்டிய பிடியைக் கொண்டவர். முன்கை அடிக்கும் பின்கை அடிக்கும் மட்டையின் ஒரே முகத்தையே அவர் பயன்படுத்தியமை அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது.

பின்னர் காலம் மாறியது. 1997 இல் பிரேசில் வீரர் குஸ்ராவோ குவேர்ட்டன் பொலியெஸ்ரர் இழை கட்டிய மட்டையுடன் பாரிஸில் வென்றதன் பின், அவ்விழை உலகெங்கும் பரவி மேற்சுழற்சியை மேலும் பெருக்கியது. 2001 இல் விம்பிள்டன் தனது புல்வகையை மாற்றியது. அதன்பின் அங்கும் பந்து முன்னரிலும் உயரமாக எழுவதை ஆட்டக்காரர் உணர்ந்தனர். செம்மண் தரையின் அரசி எனப்பட்ட போலந்தின் இகா சுவியாந்தெக், வெஸ்ரேண் பக்கம் நன்கு சாய்ந்த பிடியுடன் 2025 இல் விம்பிள்டனையும் வென்றார். மறுபுறம், பாசல் நகரில் பிறந்த ரொஜர் பெடரர் ஈஸ்ரேண் பிடியை ஒட்டிய பிடியுடனேயே எட்டு விம்பிள்டன் பட்டங்களைப் பெற்றார்.

எமது பிள்ளைகளுக்கு எது? தொடக்கத்தில் ஈஸ்ரேண் பிடி, பின்னர் பந்தின் வேகம் கூடும்போது செமி வெஸ்ரேண் என்பதே இன்று பெரும்பாலான பயிற்றுநர்கள் செல்லும் வழி. வெஸ்ரேண் பிடி தாழ்ந்த பந்துகளை எடுப்பதற்குக் கடினமானது. அதனைப் பிள்ளை தானாகப் பிடித்துக்கொண்டால் ‘அழகாகச் சுழற்றுகிறான்’ என்று மகிழ்வதற்கு முன், பந்து அவன் தலையளவுக்கு எழுவதனால் அவ்வாறு பிடிக்கின்றானா என்று பாருங்கள். அவ்வாறாயின் மாற்றவேண்டியது பந்தையே. சிறுவர்களுக்கென மெதுவான பந்துகள் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்களுடன் உள்ளன. 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இவ்வகைப் பந்துகளையே பயன்படுத்தவேண்டுமென்ற சர்வதேச ரெனிஸ் சம்மேளனத்தின் விதி 2012 இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைப் பந்து என்று பிள்ளையோ பெற்றோரோ இதனை இழிவாக எண்ணத் தேவையில்லை.

சேர்விஸ்: இங்கே விட்டுக்கொடுப்பு இல்லை

முன்கை அடியில் மூன்று பிடிகளுக்கு இடமுண்டு. சேர்விஸில் அவ்வாறில்லை. அதற்கு உரியது கொன்ரினென்ரல் பிடி. தேர்ந்த ஆட்டக்காரரிற் சிலர் அதிலிருந்து பின்கைப் பக்கமாகச் சற்று நகர்வர். முன்கைப் பக்கம் செல்வோர் மிக அரிது.

காரணம் இது. இரண்டாம் பட்டையிற் பிடித்தால் மட்டை பந்தை நோக்கி மேலே செல்லும்போது விளிம்பு முன்னாக, காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும். கடைசிக் கணத்தில் முன்னங்கை வெளிப்புறமாகத் திரும்ப, மட்டையின் முகம் விரிந்து பந்தைச் சந்திக்கும். வேகமும் சுழற்சியும் இந்தத் திருப்பத்தாற் பெரிதும் பெறப்படுகின்றன. முன்கைப் பிடியுடன் சேர்விஸ் போடும் பிள்ளையின் மட்டையோ தொடக்கத்திலேயே வானத்தைப் பார்த்து விரிந்து கிடக்கும். உணவகங்களில் வேலை செய்த எம்மவர்க்கு இதனை விளக்குவது எளிது. தட்டை ஏந்திச் செல்லும் கையின் தோற்றம் அது. அந்தக் கையாற் பந்தைத் தள்ளலாம், அடிக்க முடியாது.

இதிலுள்ள ஏமாற்று என்னவெனில், பிழையான பிடியே தொடக்கத்தில் நல்ல பயனைத் தருகின்றது. எட்டு வயதுப் பிள்ளை அப்பிடியுடன் பந்தைத் தள்ளி உள்ளே போட்டுவிடும், ஆட்டங்களையும் வெல்லும். சரியான பிடியுடன் பழகும் பிள்ளையின் பந்தோ முதலில் இடப்புறமாக விலகி ஓடும். வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் பொறுமையிழந்து, ‘முந்திப் போட்டமாதிரியே போடு’ என்று கூவுவதும் இங்கேதான். பிள்ளை வளர்ந்து பந்தை வேகமாக அடிக்கத் தொடங்கும்போது, சுழற்சியில்லாத சேர்விஸ் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும். இரண்டாவது சேர்விஸ் போடுவதற்கே அச்சம் பிறக்கும். அப்போது பிடியை மாற்றுவது, பிழையாக எழுதிப் பழகிய கையெழுத்தைத் திருத்துவதுபோற் கடினமானது. சில மாதத் தோல்வியை இளவயதிலேயே ஏற்றுக்கொள்வது நன்று. தலைக்கு மேலே வரும் பந்தை ஓங்கி அடிக்கும் ஸ்மாஷுக்கும் இதே பிடிதான்.

பின்கை அடி: ஒரு கையா, இரு கையா?

இன்று பெரும்பாலான பிள்ளைகள் இரு கைகளாலேயே பின்கை அடியைப் பழகுகின்றனர். கீழே இருக்கும் வலக்கை கொன்ரினென்ரல் பிடியில், இரண்டாம் பட்டையில் நிற்கும். மேலே இருக்கும் இடக்கை, இடக்கையர் ஒருவர் முன்கை அடிக்குப் பிடிப்பதுபோல ஈஸ்ரேண் பிடியில் நிற்கும். உண்மையில் இது இடக்கையால் அடிக்கும் முன்கை அடி. வலக்கை துணை நிற்கின்றது. பிள்ளைக்கு இவ்வடி வரவில்லையெனில், இடக்கையால் மட்டும் மட்டையைப் பற்றி மெதுவாகப் பந்தடிக்கப் பழக்கினால் விரைவில் திருந்தும்.

ஒரு கையால் அடிப்போருக்கு அடிமூட்டு முதலாம் பட்டைக்கு ஏறவேண்டும். உள்ளங்கை கைபிடியின் மேலே அமரும். சிலர் எட்டாம் பட்டைவரையும் செல்வர். முன்கைப் பிடியை மாற்றாமலே ஒரு கையாற் பின்கை அடியை அடிப்பதே பெரும் பிழை. அப்போது மணிக்கட்டு வளைந்து, முழங்கை முன்னே தள்ளி, தாக்கம் முழுவதும் முழங்கையின் வெளிப்புறத் தசைநாரில் இறங்கும். ரெனிஸ் முழங்கை என்று மருத்துவர் கூறும் நோவுக்கு இது நன்கறியப்பட்ட வழிகளில் ஒன்று. வேலை முடிந்து ஞாயிறுகளில் மட்டையெடுக்கும் தந்தையர் இதனைத் தமக்கெனவும் வாசிக்கலாம்.

பந்தை அடியால் அறுத்துக் கீழ்ச்சுழற்சியுடன் தாழ்வாக அனுப்பும் சிலைஸ் அடிக்கு மீண்டும் கொன்ரினென்ரல் பிடி. ஜேர்மனியின் ஸ்ரெபி கிராப், பின்கைப் பக்கத்தில் பெரும்பாலும் இவ்வடியை நம்பியே 22 பெருந்தொடர்ப் பட்டங்களைப் பெற்றார்.

வலைக்கருகில்

பந்து நிலத்தில் விழுமுன் அடிக்கும் வொலி அடியில் பிடியை மாற்ற நேரமில்லை. எனவே இரு பக்கத்துக்கும் ஒரே பிடி வேண்டும். அதற்குப் பொருத்தமானது கொன்ரினென்ரல். மட்டையின் முகம் சற்றே மேல்நோக்கித் திறந்திருப்பதால், வலைக்குக் கீழே இறங்கிய பந்தையும் மெல்லத் தூக்கி அனுப்பலாம். தொடக்கத்தில் முன்கை வொலியை ஈஸ்ரேண் பிடியுடன் பழக்குவோரும் உளர், நாளடைவில் மாற்றிவிடுவர். இரட்டையர் ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு இது மிக வேண்டியது.

சுருங்கக் கூறின்:

சேர்விஸ், ஸ்மாஷ், வொலி, சிலைஸ் – கொன்ரினென்ரல், இரண்டாம் பட்டை.
முன்கை அடி – ஈஸ்ரேண் அல்லது செமி வெஸ்ரேண், மூன்றாம் அல்லது நான்காம் பட்டை.
இருகைப் பின்கை அடி – கீழ்க்கை இரண்டாம் பட்டை. மேற்கை இடக்கையர் கணக்கில் மூன்றாம் பட்டை.
ஒருகைப் பின்கை அடி – முதலாம் பட்டை.

இதனை வெட்டி மட்டைப் பையினுள் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றும் பழக்கம்

பிடிகளை அறிந்திருப்பது பாதி. நேரத்திற்கு மாற்றுவது மறுபாதி. தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மட்டையின் கழுத்தை மறுகையாற் பற்றிக்கொள்வதைத் தொலைக்காட்சியிற் கவனியுங்கள். மட்டையைத் திருப்புவது அந்த மறுகையே. அடிக்கும் கை தளர்ந்து இடங்கொடுக்கும். மறுகை மட்டையைச் சுழற்றும். கை மீண்டும் பற்றும். எதிரியின் மட்டையிலிருந்து பந்து புறப்பட்டு, எந்தப் பக்கம் வருகின்றதென்று தெரிந்தவுடன், தோள் திரும்பும் அதே வேளையில் இது நடந்து முடியவேண்டும்.

இதற்குப் பந்தும் மைதானமும் தேவையில்லை. வீட்டுக் கூடத்தில் பிள்ளையை நிற்கவைத்து, ‘முன்கை’, ‘பின்கை’, ‘சேர்விஸ்’, ‘வொலி’ என்று மாறிமாறிக் கூறுங்கள். பிள்ளை மட்டையைப் பாராமலே பிடியை மாற்றவேண்டும். பின்னர் அடிமூட்டு எந்தப் பட்டையில் இருக்கின்றதென்று இருவரும் சேர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் இரண்டாம், மூன்றாம் பட்டைகளிற் பேனாவினால் இலக்கமிட்டு வைப்பது உதவும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அடுக்குமாடியில் கீழ்வீட்டார் முறையிடவும் இதில் இடமில்லை.

இறுக்கமும் கவனிக்கவேண்டியதே. பிடி சரியாக இருந்தும் மட்டையை நெரித்துப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்து வீச்சின் வேகம் குறையும். பந்தைச் சந்திக்கும் கணத்தில் கை தானாகவே இறுகிக்கொள்ளும். மற்றைய நேரங்களிற் தளர்வாக இருக்கட்டும்.

வளர்ந்தபின்னும் பாவிக்கலாம் என்ற கணக்கு

குளிர்ச்சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுப்பது எமது குடும்பங்களின் வழக்கம். சிக்கனத்தின் பொருட்டு எழுந்த அவ்வழக்கம் சட்டைக்குப் பொருந்தும், மட்டைக்குப் பொருந்தாது. வளர்ந்தோர் மட்டையின் நீளம் 27 அங்குலம். சிறுவர் மட்டைகள் 17 முதல் 26 அங்குலம்வரை பல நீளங்களில் உள்ளன. பிள்ளை நிமிர்ந்து நின்று மட்டையைப் பற்றிக் கையைப் பக்கத்தில் தொங்கவிடும்போது மட்டையின் நுனி நிலத்தைத் தொடுமளவிற்கு மேல் நீண்டு முட்டிக்கொண்டு நின்றால், அம்மட்டை பெரிது. பாரமான மட்டையைத் தூக்க இயலாத பிள்ளை தன்னையறியாமலே பிடியை மாற்றி, மணிக்கட்டை வளைத்துச் சமாளிக்கும். பிழைப்பிடி பிறப்பது இவ்வாறே.

கைபிடியின் பருமனும் அவ்வாறே. ஐரோப்பாவில் விற்கப்படும் மட்டைகளில் இது 0 முதல் 5 வரையான இலக்கங்களாற் குறிக்கப்படும். 2 எனில் சுற்றளவு நாலேகால் அங்குலம். அதாவது ஏறத்தாழ 10.8 சென்ரிமீற்றர். ஈஸ்ரேண் பிடியில் மட்டையைப் பற்றியபின், விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையிலுள்ள வெளியில் மறுகைச் சுட்டுவிரல் ஒன்று அடங்கவேண்டும். அடங்காவிடில் கைபிடி சிறிது. இடைவெளி மிகுந்தால் கைபிடி பெரிது. ஐயமிருந்தால் சிறியதையே வாங்குங்கள். மேலே ஒரு நாடாவைச் சுற்றிப் பருமனைக் கூட்டலாம்; குறைப்பது எளிதன்று. பாவித்த மட்டைகள் குறைந்த விலையிற் கிடைக்கும். அவற்றை வாங்குவதிற் குறைவேதுமில்லை. வியர்வையால் வழுவழுப்பான பழைய நாடாவை மட்டும் உரித்துப் புதியது சுற்றுங்கள்.

மணிக்கட்டின் சிறுவிரற் பக்கத்திலோ முழங்கையின் வெளிப்புறத்திலோ நோவு தொடர்ந்தால், ‘பழகப் பழகச் சரிவரும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர் பயிற்றுநரிடம் பிடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தாலும், மட்டையை நீட்டிப் பட்டையைத் தொட்டுக் காட்டினால் எந்த நாட்டுப் பயிற்றுநருக்கும் அது விளங்கும்.

வேலிக்கு வெளியே நிற்போருக்கு

ரெனிஸ் செல்வந்தரின் விளையாட்டு, எமக்கு எட்டாதது என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. செக்கோஸ்லோவாக்கியரான யாரொஸ்லாவ் துரோப்னி 1949 இல் சுவிற்சர்லாந்தின் குஸ்ராட் நகருக்கு ஆட வந்தவிடத்தில் நாடு திரும்ப மறுத்து நாடற்றவரானார். எகிப்து அவருக்குக் குடியுரிமை வழங்கியது. எகிப்தியராகவே 1954 இல் விம்பிள்டனை வென்றார். அதே ஆண்டு, அதே விம்பிள்டனில் இளையோர் பட்டத்தை வென்றவர் தமிழரான இராமநாதன் கிருஷ்ணன் என்பதும், பின்னர் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அவர் அங்கு அரையிறுதிவரை சென்றார் என்பதும் நினைவுகூரத்தக்கவை. துரோப்னியின் நாட்டிலிருந்து வந்த மார்ட்டினா நவ்ரத்திலோவா 1975 இல், தமது 18 ஆம் வயதில், அமெரிக்காவிற் தஞ்சம் கோரினார். ஒன்பது முறை விம்பிள்டன் தனியாட்டப் பட்டம் அவர் வசமாயிற்று.

பெற்றோரின் பங்கு பற்றியும் இருவேறு சான்றுகள் உள்ளன. வீனஸ், செரீனா சகோதரிகளின் தந்தை றிச்சார்ட் வில்லியம்ஸ் ரெனிஸ் வீரரல்லர். நூல்களிலும் ஒளிப்பதிவுகளிலும் தாமே கற்று, கலிபோர்னியாவின் கொம்ரன் நகரப் பொது மைதானங்களில் தம் மக்களுக்குக் கற்பித்தார். மறுபுறம், 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஈரானுக்காகக் குத்துச்சண்டையிட்டுப் பின் அமெரிக்காவிற் குடியேறியவர் அந்திரே அகாசியின் தந்தை. அவர் தம் மகனை உலகின் முதல்வனாக்கவே வளர்த்தார்; மகனும் முதல்வனானார். ஆனால் தாம் ரெனிஸை வெறுத்தே ஆடியதாக 2009 இல் வெளியான தமது வாழ்க்கை வரலாற்றில் அகாசி எழுதினார். நாடு மாறி வந்த பெற்றோர், தாம் இழந்தவற்றையெல்லாம் பிள்ளையின் கையால் மீட்க முனைவது இயல்பே. அந்தச் சுமை மட்டையிலும் பாரமானது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே வேலிக்கு வெளியே நின்று வெற்றி தோல்வியை எண்ணுவதை விட்டு, கை எந்தப் பட்டையில் இருக்கின்றதென்று கவனியுங்கள். அது பிழையெனக் கண்டால் ஆட்டத்தின் நடுவே கூவாதீர்கள். வீடு வந்தபின், தேநீர் அருந்தி ஆறியபின், மட்டையை எடுத்துவரச் சொல்லி இருவருமாகப் பட்டைகளை எண்ணுங்கள். பிள்ளை உங்களுக்குக் கற்பிக்கவும் இடங்கொடுங்கள். பரிசு வருமோ வராதோ, நோவின்றி நாற்பது ஐம்பது வயதுவரையும் ஆடக்கூடிய ஒரு விளையாட்டை அந்தக் கை கற்றுக்கொண்டதாக இருக்கும்.